தொண்டை வலிக்கு வாங்கிய மாத்திரையும் வலிப்பு மாத்திரையும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். தங்கைக்கு 26 வயது. ஆறு ஆண்டுகளாகக் கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரை 400 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. நான்கு ஆண்டுகளாக வலிப்பே வரவில்லை. போன வாரம் தொண்டை வலி, காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் தலைசுற்றல், வாந்தி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடந்தால் தள்ளாடுகிறது. ‘ஆறு வருஷமா உள்ளே சேர்ந்த மருந்து விஷமாயிடுச்சு’ என்று அம்மா பயந்துபோய் நேற்றிலிருந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இன்று தங்கை கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். நான்கு மாதத்தில் கல்யாணம். இந்த மாத்திரையைத் தொடரலாமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, சித்த மருந்துக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருந்தாளுநர். நரம்பியல் ஓபிக்கு மருந்து கொடுக்கும் கவுண்டரில் பல வருடம் நின்றவன். மருத்துவர் இல்லை. அதனால் கீழே சொல்வதில் மருந்தளவு சம்பந்தப்பட்ட எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தியிருக்க வேண்டியது கிளாரித்ரோமைசினை மட்டும்தான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று முழுதாக நிறுத்தினால், வருடக்கணக்கில் வராத வலிப்பு திரும்பி வரலாம். அதுவும் ஒன்றோடு நிற்காமல் அடுத்தடுத்து, நினைவு திரும்பாமலே வருகிற ஆபத்தான வகையாக இருக்கலாம். இன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவாக இருந்தாலும் சரி, இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள், இல்லை பார்க்காமலே, எந்த வேளையிலிருந்து எவ்வளவு தொடங்கலாம் என்று சொல்வார்கள். அதுவரை தங்கையைத் தனியாக விட வேண்டாம். மாடிப்படி, வண்டி, அடுப்பு, கிணற்றடி எல்லாவற்றிலும் கவனம்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். அவர் சொன்னது தவறு, ஆனால் முட்டாள்தனம் இல்லை. மருந்து உடம்பில் அளவுக்கு மீறி ஏறியது உண்மைதான். ஆறு வருடமாக ஏறவில்லை, மூன்றே நாளில் ஏறியது.

உடம்பை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் விழுங்கும் இரண்டு மாத்திரை, வாய்க்காலில் வருகிற தண்ணீர். மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் மதகு. வரத்தும் போக்கும் சமமாக இருக்கிறவரை மட்டம் ஏறாது, இறங்காது. கார்பமாசெபினுக்கு ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம் வரை வழக்கமான மட்டம். கிளாரித்ரோமைசின் போய் அந்த மதகை அடைத்துவிட்டது. வரத்து அதே இரண்டு மாத்திரைதான், போக்கு இல்லை. இரண்டு மூன்று நாளில் மட்டம் இரு மடங்காகக்கூட ஏறிவிடும். தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வாந்தியும் அப்படி ஏறியதன் அறிகுறிகள். மதகு திறந்ததும் சில நாளில் மட்டம் பழையபடி இறங்கிவிடும்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கார்பமாசெபின் தன் மதகைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும் மருந்து. ஆரம்பித்த மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் கல்லீரல் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்யத் தொடங்கிவிடும். அதனால்தான் முதல் மாதத்தில் அளவைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். ஆக, முதல் நாள் போட்ட மாத்திரையைவிட ஆறாம் வருடம் போடும் மாத்திரை சீக்கிரமாகவே வெளியேறுகிறது. சேர்ந்து சேர்ந்து விஷமாக வழியே இல்லை.

இதே மதகை அடைக்கும் வேறு மருந்துகளும் உண்டு. எரித்ரோமைசின், படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளுகோனசோல், ரத்தக்கொதிப்புக்குத் தரும் வெராபமில், டில்டியாசெம், காசநோய்க்கான ஐசோனியாசிட். கிரேப்ஃப்ரூட் சாறும் இதையே செய்யும். நம்மூர் பம்பளிமாசும் அதன் நெருங்கிய சொந்தம் என்பதால் தினமும் சாப்பிடும் பழக்கம் வேண்டாம். தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையே என்றால் அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ இந்த மதகில் பெரிதாகக் கை வைப்பதில்லை. பெரும்பாலான தொண்டை வலிக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை என்பது வேறு விஷயம். கடைக்காரரையும் நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். ‘வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும், பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது கல்யாணம் நிச்சயமான பெண் ‘வலிப்புக்குச் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லியிருப்பாரா? கவுண்டரில் நின்று இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்ல வேண்டாம், பர்ஸில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக் காட்டினாலே போதும்.

மதகை அகலத் திறக்கும் மருந்துகள் இதற்கு நேர் எதிர். இதில் மட்டம் மெதுவாக, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு இறங்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின்தான் இதில் ராஜா. கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோன் என்ற மூன்று வலிப்பு மருந்துகளும் அதே கூட்டம். இவை பக்கத்து ஏரிகளையும் சேர்த்து வடிய விடும். கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், புதிய வகை ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், சில கொழுப்பு மாத்திரைகள், ரத்தக்கொதிப்புக்கான அம்லோடிபின், ஸ்டீராய்டு, எச்ஐவி மருந்துகள் எல்லாமே போட்ட அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். மூளையில் நாடாப்புழுக் கட்டி வந்து அதனால் வலிப்பு வருகிறவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களுக்குப் புழுவைக் கொல்ல அல்பெண்டசோலும் வலிப்புக்கு ஃபெனிட்டாய்னும் சேர்த்துக் கொடுத்தால், ரத்தத்தில் அல்பெண்டசோல் குறைந்துவிடுகிறது. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து இந்த மதகுப் பக்கமே போவதில்லை, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மருத்துவர்கள் இப்போது அதை நிறைய எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபெனிட்டாய்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எப்டாயின் என்ற பெயரில் பல வீட்டு அலமாரிகளில் இருப்பது அதுதான். அதன் மதகு சின்னது. ஓர் அளவுவரை தண்ணீரை விடும், அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அதே அளவைத்தான் விடும். ஒரு நாளைக்கு 300 மி.கி. சாப்பிட்டு நன்றாக இருப்பவருக்கு 400 ஆக்கினால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைப்போம். இரு மடங்காகக்கூட ஏறும். எங்கள் கவுண்டருக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் வலிப்பை மறைத்து வேலைக்குப் போனவர். ஒருமுறை வலிப்பு வந்ததும் பயந்துபோய் அவராகவே ஒரு மாத்திரையைக் கூட்டிக்கொண்டார். பத்து நாள் கழித்து நாக்குக் குழறி, தள்ளாடி நடந்தவரைக் குடித்திருக்கிறார் என்று வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை. (வலிப்பு கட்டுக்குள் வராமல் அவர் லாரி ஓட்டியது தவறு என்று அன்றே சொன்னோம். அது பெரிய கதை.)

மாத்திரையின் அளவு மாறாமலே இது நடந்ததும் உண்டு. 1968ல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாய்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பலருக்கு ஒரே சமயத்தில் தள்ளாட்டம் வந்தது. விசாரித்தால், கேப்சூலுக்குள் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப் பொருளைக் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோசுக்கு மாற்றியிருந்தார்கள். மருந்தின் அளவு அதே மில்லிகிராம்தான், உறிஞ்சப்பட்டதுதான் கூடிவிட்டது. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல் ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின் போன்ற நான்கு மருந்துகளை ஒரே கம்பெனித் தயாரிப்பாகத் தொடர்ந்து எடுப்பது நல்லது என்று சொன்னது. கடையில் ‘அதே மருந்துதான், வேறு கம்பெனி’ என்று தந்தால் மறுத்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். விலை மலிவான கம்பெனியில் குற்றமில்லை, அடிக்கடி மாறுவதில்தான் சிக்கல்.

சரி, மோதல்களை விட்டு, மாத்திரையே தானாகச் செய்யும் பக்கவிளைவுகளுக்கு வருவோம். தங்கைக்கு ஆறு வருடம் ஒத்துக்கொண்ட மருந்து என்பதால் இனி பார்க்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, ரத்தத்தில் சோடியம் குறைவது. வயதானவர்களுக்கும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது அதிகம். காரணமில்லாத சோர்வு, தலைவலி, குழப்பம் இருந்தால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, எலும்பு. வைட்டமின் டி குறைந்து எலும்பு பலவீனமாகலாம். பரிசோதித்துத் தேவையானால் மருந்து தருவார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குத்தான் பெரிய பயம், தோல் தடிப்பு. கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகள் முதல் இரண்டு மாதத்துக்குள் சிலருக்குத் தோலில் தடிப்பைக் கிளப்பும். பெரும்பாலும் சாதாரணம். ஆனால் காய்ச்சலோடு தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல் என்று வந்தால் அது உயிரை எடுக்கும் வகை. நான் மேலே சொன்ன ‘திடீரென்று நிறுத்தாதே’ என்ற விதி இதற்குப் பொருந்தாது. அடுத்த வேளையைப் போடாமல் அந்த நாளே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வலிப்புக்கு வேறு மருந்தை அங்கே உடனே கொடுப்பார்கள். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்குக் கார்பமாசெபினால் இந்த ஆபத்து பல மடங்கு என்று தைவானில் 2004ல் கண்டுபிடித்தார்கள். பிறகு நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பரிசோதித்து, அந்த மரபணு இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். 2011ல் அந்த முடிவு வெளியானது: ஒருவருக்குக்கூட அந்தக் கொடிய தோல் நோய் வரவில்லை. லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மிக மெதுவாக ஏற்றுவதும் இந்தத் தடிப்புக்குப் பயந்துதான். ‘இவ்வளவு கம்மி டோஸா’ என்று கேட்டு ஒரு படி தாண்டாதீர்கள். கூடவே வல்ப்ரோவேட் என்ற வலிப்பு மருந்தும் இருந்தால் லாமோட்ரிஜின் ரத்தத்தில் இரு மடங்காகும், அதனால் தொடக்க அளவு இன்னும் குறைவு.

மற்ற வலிப்பு மருந்துகளைப் பற்றி ஓரிரு வரி. வல்ப்ரோவேட்டால் எடை கூடும், முடி கொட்டும், கை நடுங்கும், அபூர்வமாகக் கல்லீரலும் கணையமும் பாதிக்கப்படும். அதைச் சாப்பிடுகிறவர் தீவிர சிகிச்சையில் சேர்ந்தால் மெரோபெனம் வகை ஆன்டிபயாடிக் தரும் முன் சொல்லிவிட வேண்டும், ஓரிரு நாளில் வல்ப்ரோவேட்டைத் தரைமட்டமாக்கிவிடும். லெவெடிராசெட்டத்தால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் வரும். ‘இவ இப்படிப் பேசுறவளே இல்லையே’ என்று வீட்டில் சொன்னால் குணத்தைத் திட்டும் முன் மாத்திரையை நினையுங்கள். டோபிரமேட்டால் வார்த்தை தேடித் திணறுவார்கள், சிறுநீரகக் கல் வரலாம், வியர்வை குறையும். கத்திரி வெயிலில் விளையாடும் பிள்ளைகளுக்கு இது ஆபத்து. ஃபெனிட்டாய்னால் ஈறு வீங்கும், முகத்தில் முடி வளரும். இளம்பெண்களுக்கு அதை நீண்ட நாள் தருவதை நான் விரும்பாததற்கு அதுதான் காரணம். குளோபாஸாமுக்குத் தூக்கம்.

கல்யாணம், குழந்தை. நான்கு மாதம் இருக்கும்போதே நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. பலர் கர்ப்பமான பிறகுதான் வருகிறார்கள். அதற்குள் குழந்தையின் முதுகுத்தண்டும் இதயமும் உருவாகிவிட்டிருக்கும். வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்களின் கர்ப்பங்களைப் பதிவு செய்வது யூராப் பதிவேடு. 42 நாடுகளின் 7,355 கர்ப்பங்களைத் தொகுத்த அதன் கணக்கு 2018ல் வெளியானது. பிறவிக் குறைபாடு வல்ப்ரோவேட்டுக்கு 10.3 சதவீதம், கார்பமாசெபினுக்கு 5.5, லாமோட்ரிஜினுக்கு 2.9, லெவெடிராசெட்டத்துக்கு 2.8. எந்த மருந்தும் சாப்பிடாத பெண்களுக்கே இரண்டு மூன்று சதவீதம் உண்டு என்பதோடு சேர்த்து இதைப் படியுங்கள். கார்பமாசெபினில் அளவும் முக்கியம்: நாளைக்கு 700 மி.கி. வரை 4.5 சதவீதம், அதற்கு மேல் 7.2. தங்கை சாப்பிடுவது 800. நான்கு ஆண்டுகளாக வலிப்பு இல்லை என்பதால் அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் பேச இது சரியான நேரம். மாற்றம் மாதக்கணக்கில் நடக்கும். கல்யாண வாரத்தில் தூக்கம் கெடும், சாப்பாடு தவறும், அப்போது போய் மருந்தை மாற்றக் கூடாது. ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், எவ்வளவு என்று மருத்துவரே எழுதித் தருவார். இந்த மருந்துகளோடு பெரும்பாலும் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட நினைத்தால், கார்பமாசெபின் இருக்கிறவரை சாதாரணக் கருத்தடை மாத்திரையை நம்பக் கூடாது. காப்பர்-டி-க்கு இந்தச் சிக்கல் இல்லை. அரசு மருத்துவமனைகளில் அந்தரா என்ற பெயரில் தரும் மூன்று மாத ஊசிக்கும் இல்லை. லாமோட்ரிஜினுக்கு மாறினால் கதை தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினைப் பாதியாகக் குறைத்துவிடும். கர்ப்பத்திலும் அப்படியே குறையும் என்பதால் இடையிடையே அளவை ஏற்ற வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கவுண்டரில் பார்த்ததைச் சொல்கிறேன். மறைத்துக் கல்யாணம் செய்த பெண்கள் முதலில் தவறவிடுவது இரவு மாத்திரையைத்தான், போடும்போது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. வலிப்பு திரும்புவது அங்கேதான். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது, 1999ல் அதை நீக்கியாயிற்று. அதனால் சட்டத்துக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்காவது தெரிந்திருப்பது நல்லது என்பது என் கருத்து, முடிவு தங்கையுடையது.

சித்த மருந்துக்கு மாறுவது பற்றி: கார்பமாசெபினுக்குப் பதிலாக என்றால் வேண்டாம். கூடுதலாக என்றாலும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். ஃபெனிட்டாய்னில் நன்றாக இருந்தவர்களுக்கு ஞாபகசக்திக்கான சங்குபுஷ்பி சிரப் சேர்ந்ததும் வலிப்பு திரும்பியதை மும்பை ஆய்வாளர்கள் 1992ல் எழுதினார்கள். எலிகளில் சோதித்தபோது ஃபெனிட்டாய்னின் ரத்த அளவு குறைந்தது தெரிந்தது. அந்தப் பெயரே குழப்பம், வடக்கில் சங்குபுஷ்பி என்று விற்பதில் நம் விஷ்ணுகிராந்தியும் உண்டு, சங்குப்பூவும் உண்டு. மூலிகைப் பொடி என்று விற்றதற்குள் ஃபீனோபார்பிட்டோனைக் கலந்து வைத்திருந்ததும் இந்தியாவில் பிடிபட்டிருக்கிறது. ‘எவ்வளவு நன்றாகக் கேட்கிறது பார்’ என்று சாப்பிட்டவர்கள், பொடி தீர்ந்த அன்று வலிப்போடு வந்தார்கள். அப்புறம் கற்பூரம். உள்ளே போனால் அதுவே வலிப்பை வரவழைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. நீலகிரித் தைலத்தாலும் வலிப்பு வந்ததைப் பெங்களூரு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சளி பிடித்தால் தங்கைக்கு வெறும் வெந்நீர் ஆவி போதும்.

மதகோடு சம்பந்தமே இல்லாமல் நேரடியாக மூளையில் வலிப்பைத் தூண்டும் மருந்துகளும் உண்டு. வலிக்குத் தரும் டிரமடால் அதில் முதலாவது. சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை, தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மருந்துகள், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றையும் கேட்காமல் போடக் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் வழக்கமான அளவில் பாராசிட்டமால் பரவாயில்லை.

மருத்துவரிடம் போகும்போது கிளாரித்ரோமைசின் எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை, தலைசுற்றல் எந்த வேளையில் தொடங்கியது, கடைசி கார்பமாசெபின் எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவர்தானே. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடுவது, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதோடு இரண்டாகச் சேர்த்துப் போடாமல் இருப்பது, இது அவருக்கு நேரடியாகச் சொல்லப்பட வேண்டும். அவர் மாத்திரையை எங்கே வைக்கிறார் என்றும் பாருங்கள். கார்பமாசெபின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்படும் மருந்து, ஈரமான இடத்தில் கிடந்தால் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 1990லேயே எச்சரித்தது. குளியலறை ஓரத்திலோ சமையல்மேடைக்கு மேலோ இருந்தால் இன்றே இடத்தை மாற்றுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கவும் வேண்டாம்.